கொடைக்கானலில் இணையர் சுற்றுலா

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கோடைவாழிடம் கொடைக்கானல் ஆகும். புதுமணத் தம்பதியர் தேனிலவுக்காகத் தமிழ்நாட்டில் அதிகம் நாடும் ஊர்களில் இதுவும் ஒன்று. மணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தவர்களும் திருமண நாளையொட்டி இங்கு வருவதுண்டு. ஏரி, நடைபாதை, பூங்கா, பாறை முகடு, சோலைக்காடு, படிக்கட்டு வயல்கள் கொண்ட சிற்றூர் ஆகியவை ஒரே மலையில் அருகருகே அமைந்திருப்பது இதன் சிறப்பு. இவற்றுள் பெரும்பாலானவை நடந்தோ, மிதிவண்டியிலோ, படகிலோ நிதானமாகக் காண வேண்டியவை. ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு இடங்களை வாகனத்தில் சுற்றி முடிக்க நினைக்கும் இணையர், நாளின் பெரும்பகுதியைச் சாலை நெரிசலிலேயே கழிக்க நேர்கிறது.

பின்னணி

தமிழ் இலக்கணம் மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சித் திணை என்கிறது. காதலர் கூடி மகிழ்வதாகிய புணர்தலும் அதன் நிமித்தமும் இத்திணையின் உரிப்பொருள். கூதிர், முன்பனி ஆகிய குளிர்ந்த பருவங்கள் இதன் பெரும்பொழுது. நள்ளிரவாகிய யாமம் இதன் சிறுபொழுது. தெய்வம் சேயோனாகிய முருகன். குளிர்ந்த மலையைக் காதலுக்குரிய நிலமாகக் கருதும் மரபு, தேனிலவு என்ற சொல் தமிழுக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழரிடம் இருந்துள்ளது.

இன்றைய ஊரின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1821ஆம் ஆண்டு லெப்டினன்ட் பி. எஸ். வார்டு இம்மலைப் பகுதியை அளவையிட்டார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க சமயப் பணியாளர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தம் குடும்பத்தினரைப் பலி கொடுத்து வந்தனர். அதிலிருந்து தப்ப 1845இல் இங்கு இரண்டு வீடுகளைக் கட்டினர். அக்காலத்தில் மலையேற வண்டிச்சாலை இல்லை. பெரியகுளம் பக்கத்திலுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலும், ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலும், கால்நடையாகவும் மேலே வந்தனர். பின்னர் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை அமைக்கப்பட்ட பிறகே வாகனங்கள் வரத் தொடங்கின.

ஏரி

நகரின் நடுவே நட்சத்திர வடிவில் பரந்துள்ள கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஆட்சியராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிங்கே 1863இல் ஓர் ஓடையின் குறுக்கே கரை எழுப்பி இதை உருவாக்கினார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றியுள்ள சாலையின் நீளம் ஏறத்தாழ 5 கி.மீ.

படகு இல்லங்களில் மிதிபடகுகளும் துடுப்புப் படகுகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மிதிபடகில் இருவரும் ஒரே அளவில் மிதித்தால்தான் படகு நேராகச் செல்லும். ஒருவர் ஓய்ந்தால் அது பக்கவாட்டில் திரும்பிவிடும். ஓட்டுநருடன் கூடிய துடுப்புப் படகு, உழைப்பின்றி ஏரியின் கிளைகளுக்குள் சென்று வர விரும்புவோருக்கு ஏற்றது. எந்தப் படகானாலும் மிதவைச் சட்டை அணிய வேண்டும்; படகு நீரில் இருக்கும்போது படம் எடுப்பதற்காக எழுந்து நிற்கக் கூடாது.

ஏரியைச் சுற்றி வர மிதிவண்டிகள் வாடகைக்கு உண்டு. இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து மிதிக்கும் இரட்டை மிதிவண்டியும் கிடைக்கிறது. நடந்து சுற்ற ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்கு முன் வாகனங்கள் குறைவாக இருப்பதால், நீரின் மேல் ஆவி படர்ந்து எழுவதை அமைதியாகக் காணலாம். கரையில் குதிரைச் சவாரியும், சுட்ட சோளமும், சூடான மிளகாய் பஜ்ஜியும் உண்டு. சவாரிக்கு முன்பே தொலைவையும் கட்டணத்தையும் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

கோக்கர் நடைபாதை

பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், மலையின் தெற்குச் சரிவை ஒட்டி ஏறத்தாழ ஒரு கி.மீ. நீளத்தில் அமைந்த பாதை கோக்கர் நடைபாதை. லெப்டினன்ட் கோக்கர் 1872இல் இதை அமைத்தார். வானம் தெளிவாக உள்ளபோது கீழே பெரியகுளம் பகுதியும் வைகை அணையின் நீர்ப்பரப்பும் தெரியும். காலையில் காட்சி தெளிவாக இருக்கும். நண்பகலுக்குப் பின் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலெழுந்து சில நிமிடங்களில் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இங்கு அரிதாகக் காணக்கூடிய ஓர் ஒளித் தோற்றம் உண்டு. பார்ப்பவரின் முதுகுப்புறம் தாழ்வான கதிரவனும் எதிரே மூடுபனியும் இருந்தால், அவருடைய நிழல் பனித்திரையின் மேல் பெரிதாக விழும். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் தோன்றும். இதற்குப் பிராக்கன் நிழல் என்று பெயர். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை அது வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால் இது நிகழ்கிறது. இருவர் கைகோத்து நின்றாலும் ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றியே வளையத்தைக் காண்பர். மற்றவர் தலையைச் சுற்றி இருப்பது தெரியாது. வளையத்தின் மையம் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தே அமைகிறது என்பதே காரணம்.

பிரயண்ட் பூங்கா

ஏரிக்கு அருகிலுள்ள பிரயண்ட் பூங்கா, வன அலுவலர் எச். டி. பிரயண்ட் என்பவரால் 1908இல் திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்காவில் ரோசாத் தோட்டமும் கண்ணாடிக் குடிலும் உள்ளன. ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. கண்காட்சி நாட்களில் மலர்கள் மிகுதி. கூட்டமும் அதே அளவு மிகுதி. மலர்களோடு அமைதியும் வேண்டுவோர் கண்காட்சிக்குச் சில வாரங்கள் முன்னதாக வரலாம்.

பாறைகளும் பள்ளத்தாக்குகளும்

நகருக்கு வெளியே ஏரியின் மேற்புறமாகச் சென்று திரும்பும் வழியை உள்ளூர் ஓட்டுநர்கள் 12 மைல் சுற்று என்பர். தூண் பாறைகள், பசுமைப் பள்ளத்தாக்கு, பைன் காடு, மோயர் முனை ஆகியவை இவ்வழியில் உள்ளன.

தூண் பாறைகள் என்பவை ஏறத்தாழ 400 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் மூன்று கருங்கல் பாறைகள். நகரிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் உள்ளன. முற்பகலிலேயே சென்றுவிட்டால் பாறைகள் தெரியும் வாய்ப்பு அதிகம். மூடுபனி சூழ்ந்திருந்தாலும் உடனே திரும்ப வேண்டியதில்லை. கால் மணி நேரம் காத்திருந்தால் காற்று திரையை விலக்கிச் சில நொடிகள் பாறைகளைக் காட்டுவதுண்டு.

இப்பாறைகளுக்கு அருகிலுள்ள ஆழமான பிளவுகள், 1991இல் வெளிவந்த குணா திரைப்படத்துக்குப் பின் குணா குகை என்ற பெயரைப் பெற்றன. 2006இல் நண்பர்களுடன் வந்த கேரள இளைஞர் ஒருவர் அப்பிளவுக்குள் விழுந்தார். நண்பரே கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். 2024இல் வெளியான மஞ்ஞும்மல் பாய்ஸ் திரைப்படம் இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது. அவரைப் போல எல்லோரும் உயிர் பிழைக்கவில்லை. எனவே பிளவுகள் கம்பி வேலியிட்டு அடைக்கப்பட்டுள்ளன. வேலிக்கு வெளியே நின்று காண மட்டுமே அனுமதி உண்டு.

வட்டக்கானலிலிருந்து காட்டு வழியாக இறங்கிச் சென்றால் டால்பின் மூக்கு எனப்படும் தட்டையான பாறையை அடையலாம். இது பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மரவேர்கள் படிகளாக அமைந்த இறக்கம் மழைக்குப் பின் வழுக்கும். இறங்குவதைவிடத் திரும்பி ஏறுவதற்கு இரு மடங்கு மூச்சு வாங்கும் என்பதால், இருவரில் யாருக்கு இதய நோயோ மூட்டு வலியோ இருந்தாலும் இதைத் தவிர்ப்பது நல்லது. பாறையின் நுனியில் தடுப்பு இல்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பேரிஜம் ஏரி

நகரிலிருந்து ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவில், காப்புக்காட்டின் நடுவே பேரிஜம் ஏரி உள்ளது. இங்கு செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. ஒரு நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வாகனங்களுக்கே அனுமதி தரப்படுகிறது. யானைகளின் நடமாட்டம் இருந்தால் வழி மூடப்படும். எனவே பயணத்தின் கடைசி நாளுக்கு இதை ஒத்திவைக்காமல், அனுமதி கிடைக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

வழியில் தொப்பித் தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அமைதிப் பள்ளத்தாக்கு ஆகியவற்றைக் காணலாம். மதிகெட்டான் சோலைக்குள் நுழைந்தவர் திசை அறியாது மயங்குவர் என்பதால் அப்பெயர் வந்தது என்பர். பேரிஜத்தின் நீரே மலையடிவாரத்தில் உள்ள பெரியகுளத்துக்குக் குடிநீராகச் செல்கிறது. இந்த ஏரியில் குளிப்பதும் குப்பை எறிவதும் ஒரு நகரத்தின் குடத்தில் அவற்றைச் செய்வதற்கு ஒப்பாகும்.

சிற்றூர்கள்

நகர நெரிசலிலிருந்து விலக விரும்புவோர் பூம்பாறை, மன்னவனூர் ஆகிய ஊர்களுக்குச் செல்லலாம். பூம்பாறையில் மலைச்சரிவு முழுதும் படிக்கட்டுகள்போல் வயல்கள் அமைந்துள்ளன. இங்குள்ள குழந்தை வேலப்பர் கோயில் பழமையானது. இப்பகுதியில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மன்னவனூரில் புல்வெளியும் ஏரியும் நடுவண் அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் உள்ளன. இவ்வூர்களில் வயல்களுக்குள் இறங்கிப் படம் எடுப்பதற்கு முன் உழவரிடம் ஒரு வார்த்தை கேட்பது முறை.

மலையோடு தொடர்புடைய இணையர்

கொடைக்கானலும் அதைச் சார்ந்த பழனி மலையும் மூன்று இணையரின் வரலாற்றோடு தொடர்புடையவை.

சங்க காலத்தில் இம்மலைப் பகுதியை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். குளிரில் நடுங்குவதாகக் கருதி மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் இவனே. ஆனால் இவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். இவள் சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர்கள் பரிசில் வேண்டாது, அவளிடம் திரும்பிச் செல்லுமாறு பேகனை வேண்டிப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. மயிலின் குளிரை அறிந்தவன் மனைவியின் துயரை அறியாதிருந்தான் என்பது படிப்பவரை இன்றும் சிந்திக்க வைக்கும் முரண்.

இரண்டாமவர் ஜான் எவர்ஷெட், மேரி எவர்ஷெட் என்ற வானியல் இணையர். 1906இல் மணம் புரிந்து அடுத்த ஆண்டு கொடைக்கானல் வந்தனர். இங்குள்ள சூரிய ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான், சூரியப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டறிந்தார். அது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. மேரி கணவருடன் சேர்ந்து சூரியச் சுடர்களை ஆராய்ந்ததோடு, கவிஞர் தாந்தேயின் காலம் வரையிலான வானியல் குறித்தும் நூல் எழுதினார். இந்த ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. பொதுமக்களுக்கான நேரத்தை முன்கூட்டியே விசாரித்துச் செல்ல வேண்டும்.

மூன்றாமவர் இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனும் அவர் மனைவி லீலாவதியும். வெள்ளை இனத்தவரான லீலாவதி சைவ சமயத்தைத் தழுவியவர். கணவர் 1930இல் மறைந்தபின், 1936இல் கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலை எழுப்பினார். நகரிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவிலுள்ள இக்கோயிலிலிருந்து வடக்கே பழனி நகரையும் சமவெளியையும் காணலாம். கோயிலுக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது; அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. மணமான ஆண்டில் இம்மலரைக் கண்ட இணையர் மறுமுறை காண்பதற்குள் அவர்கள் பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்.

பருவம்

ஏப்ரல் முதல் சூன் வரை முதன்மைப் பருவம். இக்காலத்தில் பகலில் 20 பாகை செல்சியசை ஒட்டிய இதமான வெப்பநிலை நிலவும். கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருப்பதும் இப்போதுதான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். அருவிகள் நிறைந்திருந்தாலும் மலைச்சாலையில் மண் சரிய வாய்ப்புண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாகவும் இரவு கடுங்குளிராகவும் இருக்கும். ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படிவதுண்டு. கூட்டத்தைத் தவிர்க்க விரும்பும் இணையருக்கு சனவரி, பிப்ரவரி மாதங்களின் வார நாட்கள் ஏற்றவை. எப்பருவமானாலும் கம்பளி ஆடையும் குடையும் தேவை.

செல்லும் வழியும் அனுமதியும்

அருகிலுள்ள தொடர்வண்டி நிலையங்கள் கொடைரோடு, பழனி ஆகியவை. விமான நிலையம் மதுரையில் உள்ளது. மதுரையிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 120 கி.மீ. வத்தலக்குண்டு வழி மலையேறும்போது, தமிழ்நாட்டின் மிக உயர்ந்த அருவியான தலையாறு அருவியைத் தொலைவிலிருந்தும், வெள்ளி அருவியைச் சாலையோரத்திலும் காணலாம். கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீரே வெள்ளி அருவியாக விழுகிறது. வளைவுகளில் குமட்டல் வருவோர் புறப்படுமுன் குறைவாக உண்பது நல்லது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெற்றே கொடைக்கானலுக்கு வர வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. இவ்விதிகள் அவ்வப்போது மாற்றப்படுவதால் புறப்படுமுன் சரிபார்க்க வேண்டும். அரசுப் பேருந்தில் வருவோருக்கு இச்சீட்டு தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் நீர்க்குப்பியை உடன் எடுத்து வரலாம்.

தங்குமிடம்

விடுதிகளில் இருவரும் அரசு வழங்கிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மணமாகாத வயதுவந்த ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று, கோவை விடுதி ஒன்றின் வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. எனினும் விடுதிகள் தமக்கெனச் சில நடைமுறைகள் வைத்திருப்பதால், முன்பதிவின்போதே கேட்டுக்கொண்டால் இரவு நேரத்தில் அலைச்சல் ஏற்படாது. அறையில் அடுப்புக்கரி மூட்டிக் கதவைச் சாத்தித் தூங்கக் கூடாது. கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இன்றி உயிரைப் பறிக்கும்.

பாதுகாப்பு

விபத்துகள் பெரும்பாலும் முகடுகளில் படம் எடுக்கும்போது நேர்கின்றன. படம் எடுப்பவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் பின்னோக்கி அடி வைப்பதே மிக ஆபத்தானது. மூடுபனியில் பாறையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது தெரியாது. தடுப்பில்லாத இடங்களில் உட்கார்ந்து காண்பது பாதுகாப்பானது.

நகர வீதிகளிலேயே காட்டுமாடுகள் உலவுகின்றன. அவை சாதுவாகத் தோன்றினாலும் நெருங்கினால் முட்டக்கூடியவை. தொலைவில் நின்று வழிவிட வேண்டும். குரங்குகளுக்கு உணவு தரக் கூடாது. அவசர உதவிக்கு 108, 112 ஆகிய எண்களையும், பெண்கள் உதவிக்கு 181 எண்ணையும் அழைக்கலாம். பள்ளத்தாக்குப் பகுதிகளில் அலைபேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம் என்பதால், செல்லும் இடத்தை விடுதியில் சொல்லிச் செல்வது நல்லது.

சூழல்

பைன் காடு இணையர் படம் எடுக்க விரும்பும் இடம். ஆனால் பைன் இம்மலைக்கு உரிய மரமன்று; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடப்பட்டது. தைல மரமும் வாட்டில் மரமும் அவ்வாறே வெளியிலிருந்து வந்தவை. இம்மலைக்கு உரியவை பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடும், மேடுகளில் விரிந்த புல்வெளியும் ஆகும். சோலை என்ற தமிழ்ச்சொல்லே உலக அறிவியல் நூல்களில் இக்காட்டு வகையின் பெயராக வழங்குகிறது. புல்வெளி மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. சமவெளி மக்கள் கோடையிலும் நீர் பெறுவது இதனால்தான். அயல் மரங்கள் பரவியதால் புல்வெளிகள் பெருமளவு சுருங்கிவிட்டன. இக்காடுகளைக் காக்கும் நோக்கில் 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

மூன்று நாள் பயணத்துக்கு ஒரு திட்டம்

முதல் நாள் நண்பகலில் வந்து சேர்பவர்கள் மாலையில் ஏரியை நடந்தோ மிதிவண்டியிலோ சுற்றினால் போதும். உயரத்துக்கும் குளிருக்கும் உடல் பழக இது உதவும். இரண்டாம் நாள் காலையில் கோக்கர் நடைபாதை, பின்னர் தூண் பாறைகள், பிற்பகலில் பிரயண்ட் பூங்கா, மாலையில் குறிஞ்சியாண்டவர் கோயில் எனச் செல்லலாம். மூன்றாம் நாள் அனுமதி கிடைத்தால் பேரிஜம், இல்லையேல் பூம்பாறை. இருட்டுவதற்குள் மலையிறங்கும்படி புறப்பட வேண்டும். இத்திட்டத்தில் ஒரு நாளைக்கு அதிக அளவாக நான்கு இடங்களே உள்ளன. மழையோ மூடுபனியோ குறுக்கிட்டால் ஓர் இடத்தை விட்டுவிட்டு, தேநீர்க் கடையில் இருவரும் அமர்ந்து பனி விலகும்வரை காத்திருக்கவும் இதில் நேரம் இருக்கும்.